எலி தின்ன மறுத்த பாம்பும் பிளாசாப் பிள்ளையாரும்

ஒரு பாம்பு சாப்பிடுவதும் சாப்பிடாமல் விடுவதும் அந்தப் பாம்பின் சொந்த விஷயம் என்றுதான் சாதாரண சனம் நினைக்கும். கோயில் பரிபாலன சபை ஒன்றில் ஒருநாளாவது உறுப்பினராக இருந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

பாம்பின் பெயர் றெக்ஸ். அதன் சொந்தக்காரன் யோகமலரின் ஒரே மகன் மிதுனன். கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் கொம்பியூட்டர் கம்பனியிலே வேலை. அந்தக் கம்பனியில் ஒரு வருஷம் எல்லாரும் அடியில் சில்லுப் பூட்டின சப்பாத்துப் போட்டு ஓடினார்கள்; மிதுனனும் ஓடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் எல்லாரும் ஒரு காதில் தோடு போட்டார்கள். மிதுனனும் போட்டான், யோகமலர் அழுதாள், கழற்றினான். அதற்கடுத்த வருஷம் எல்லாரும் பாம்பு வளர்த்தார்கள். தோட்டுக்கு அழுத கண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கலாம் என்று யோகமலருக்கு அப்போதுதான் விளங்கியது.

அது ஆபிரிக்காப் பக்கத்து மலைப்பாம்புச் சாதி. சின்னது, நஞ்சில்லை. பயம் வந்தால் சீறாது, கடிக்காது. தலையை நடுவிலே ஒளித்துக்கொண்டு பந்து மாதிரிச் சுருண்டுவிடும். பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கப்பட்ட நிர்வாகிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணத்தை மேலும் விளக்கத் தேவையில்லை.

மிதுனனைக் கம்பனி கொஞ்ச மாதத்துக்குக் கல்கரிக்கு அனுப்பியது. கூட இருந்த சிநேகிதன் பாம்போடு தனிய இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆகவே கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு, ஐஸில் விறைத்த எலிகள் ஒரு பை சகிதம் றெக்ஸ், தமிழ்ச்சனம் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் இருந்த தாயின் அபார்ட்மென்றுக்கு வந்து சேர்ந்தது.

"அம்மா, கிழமைக்கு ஒண்டு. சுடுதண்ணியிலை போட்டு ஐஸ் விட்ட பிறகு இந்த இடுக்கியாலை பிடிச்சு உள்ளை விடுங்கோ. அவ்வளவுதான்."

"வெள்ளிக்கிழமை நான் உதுகளைத் தொடமாட்டன்."

"சரி, வியாழக்கிழமை குடுங்கோ."

"செத்த எலிதானே?"

"ஓம் அம்மா."

"அப்ப கொன்ற பாவம் கடைக்காரனோடை," என்று யோகமலர் மனதைத் தேற்றிக்கொண்டு, எலிப்பையை ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளிக்குள் போட்டு, அந்த வாளியை இன்னொரு பைக்குள் கட்டி, பிறீசரின் அடித்தட்டில் மற்றச் சாமான்களோடு முட்டாமல் வைத்தாள்.

பாம்பு என்றால் அவளுக்குப் பயம்தான். ஆனால் மார்க்கத்துக்குக் குடிபோன பிறகு மகன் அவளை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் ஒருக்கால் எடுத்து, "ஓம் அம்மா, சாப்பிட்டனான் அம்மா, வைக்கிறன் அம்மா" என்று மூன்று வசனத்தில் முடிப்பவன், கல்கரியிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தான். தன் கையில் இந்தச் சீவனுக்கு ஒன்று நடந்துவிட்டால் பிறகு அவனுடைய முகத்தில் முழிக்க ஏலாது என்று அவள் நினைத்தாள். நினைத்து நினைத்து விடிய எழும்பியதும் முதலில் பாம்பைப் பார்த்தாள், பிறகுதான் சாமிப் படத்தைப் பார்த்தாள்.

முதல் வியாழக்கிழமை எலியை முறைப்படி இளகவைத்து உள்ளே விட்டாள். ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போவது அவள் வளர்ந்த வீட்டில் நாய்க்குக்கூடச் செய்யாத வேலை. கிட்ட இருந்து, முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால்தான் சாப்பாடு சாப்பாடாகும்.

"சாப்பிடு ராசா," என்றாள். "பசியோடை படுக்கக் கூடாது."

றெக்ஸ் பந்தாகச் சுருண்டது.

கூச்சப்படுகிறதாக்கும் என்று யோகமலர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழன் பாம்பின் முதுகு ஒடுங்கி, தோல் தொளதொளத்த மாதிரி இருந்தது. பின்னேரம் போன் அடித்தது. "றெக்ஸ் சாப்பிட்டதோ?" "இன்னும் இல்லை அப்பன். சாப்பிடும்." றிசீவரை வைத்துவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள்.

கோயில், லோறன்ஸ் தெருவிலே கார் சைலென்சர் மாற்றுகிற கடைக்கும் டோனற் பணியாரக் கடைக்கும் நடுவில் ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவில் இருந்தது. முழுப்பெயர் பெரிது; சனம் சொல்வது பிளாசாப் பிள்ளையார். இந்தப் பிள்ளையாருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிள்ளையாருக்கென்ன, பரிபாலன சபைக்கு இருந்தது. முந்தின வருஷம் உலகம் முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தார் என்று ரீவியில் எல்லாம் சொன்ன அன்றைக்கு, பிளாசாப் பிள்ளையார் குடிக்கவில்லை. கோயில் கதவுக்குத் திறப்பு வைத்திருந்த இரண்டு பேருக்குள்ளும் கதை பேச்சில்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. அந்த அவமானத்திலிருந்து சபை இன்னும் எழும்பவில்லை.

"ஆற்றை பேரிலை அர்ச்சனை?" என்று ஐயர் கேட்டார்.

"றெக்ஸ்."

ஐயர் கனடாவுக்கு வந்து இதைவிடப் பெரிய பெயர்களையெல்லாம் சமஸ்கிருதத்துக்கு நடுவில் நுழைத்தவர். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. பாம்பு. கொஞ்ச நாளாய் ஒண்டும் சாப்பிடுதில்லை."

"என்ன குடுக்கிறனியள்?"

"எலி."

ஐயர் திரும்பிச் சந்நிதிக்கு முன்னால் இருந்த சீமெந்து எலியைப் பார்த்தார். எலி பிள்ளையாரைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு நின்ற சபைத் தலைவர் பத்மநாதன் பூசுவதை நிறுத்தினார்.

"யோகமக்கா, எலி ஆற்றை வாகனம்?"

"பிள்ளையாற்றை, அண்ணை." ஒருவரை ஒருவர் மூத்தவர் ஆக்குவதிலே இருவருக்கும் மரியாதைக்குக் குறைவில்லை.

"அந்த எலியை ஒரு பாம்பு தின்னாமல் விடுகுதெண்டால் என்ன அர்த்தம்?"

"பசியில்லை எண்டு அர்த்தம்."

"நீங்கள் ஆழமாய் யோசிக்கேல்லை," என்றார் பத்மநாதன். அவர் யோசித்துவிட்டார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கே அவசரக் கூட்டம். செயலாளர் அருள்நாயகம் ஊரிலே அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். நீளமான வசனம் எழுதினால்தான் அவருக்கு இரவில் நித்திரை வரும். "வெக்ஸ்போர்ட்வாழ் மேற்படி சர்ப்பமானது, எம்பெருமான் விநாயகரின் வாகனமாகிய மூஷிகத்தைப் புசிக்க மறுத்து உபவாசம் மேற்கொண்டுள்ளமையை இச்சபை ஏகமனதாக அங்கீகரிப்பதோடு, மேற்படி உபவாசத்தை இடையறாது அவதானிக்கும் பொருட்டு உபகுழுவொன்றை நியமிப்பதெனவும் இத்தால் தீர்மானிக்கப்படுகின்றது." பாம்பிடம் ஒரு வார்த்தை கேட்பதென்று ஒருவரும் பிரேரிக்கவில்லை.

மறுநாளே உபகுழு யோகமலரின் இருப்பறைக்கு வந்துவிட்டது. முறைபோட்டு வந்தார்கள், ஆனால் முறை முடிந்தவர்கள் போகவில்லை, முறை தொடங்காதவர்களும் வந்துவிட்டார்கள். சூட்டு விளக்கைத் தூண்டாமணி விளக்கு என்று சொன்னார்கள். சாமத்தியவீடு, கலியாணவீடுகளுக்குப் படமெடுக்கிற வீடியோக்காரர் வந்து, பாம்பின் கண்ணுக்கு நேரே வெளிச்சம் பிடித்து, "அம்மா, கொஞ்சம் அங்காலை அரக்கி இருங்கோ, சாமி மறையுது," என்றார். தமிழ் வானொலியில் மரண அறிவித்தலுக்கும் சேலை மலிவு விற்பனைக்கும் இடையில் செய்தி சொல்லப்பட்டது.

வியாழக்கிழமைகளில் யோகமலர் எலியை உள்ளே விட, அறை நிறைந்த சனம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். பாம்பு சுருளும். "பாத்தீங்களே," என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு தேத்தண்ணி கேட்பார்கள்.

பாம்பே விரதம் இருக்கும்போது மனிசர் சும்மா இருப்பதா என்று ஒரு மனிசி கேட்டாளாம். வெக்ஸ்போர்ட்டில் பாம்பு விரதம் பரவியது. முதலில் கோயிலுக்கு வருகிறவர்கள் பிடித்தார்கள், பிறகு கோயிலுக்கு வராதவர்களும் உடம்பு மெலியுமென்று பிடித்தார்கள். பாம்பு எப்போது சாப்பிடுகிறதோ அப்போதுதான் விரதம் முடித்துப் பாறணை. அதுவரைக்கும் பகலில் பச்சைத்தண்ணி மட்டும் என்பது விதி. விதி வந்ததும் விளக்கம் தேவைப்பட்டது. விளக்கத்துக்கு வேறொரு உபகுழு. தேத்தண்ணி தண்ணிதான் என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். டோனற்றைப் பற்றி நெடுநேரம் ஆராய்ந்து, அதன் நடுவில் ஒன்றுமில்லாதபடியால், ஒன்றுமில்லாததைச் சுற்றியுள்ளது உணவாகக் கொள்ளப்படமாட்டாது என்று அறிவித்தார்கள். பக்கத்து டோனற் கடைக்காரர் இன்னொரு வேலையாள் எடுத்தார்.

யோகமலர் மட்டும் உண்மையாகவே சாப்பிடவில்லை. விரதத்துக்காக இல்லை, இறங்கவில்லை. பாம்பின் முதுகெலும்பு இப்போது கூரை முகடு மாதிரித் தெரிந்தது.

எதிர்வீட்டு யூஜினி வேதக்காரி, மாதா சுருவம் கும்பிடுகிறவள், வாய்க்காரி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சனத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எங்கடை தவக்காலம் ஈஸ்டரோடை முடியும் யோகம். உன்ரை பாம்பின்ரை எப்ப முடியும்?"

"செத்துப்போயிடும் போலை கிடக்கு யூஜினி. பிள்ளைக்கு என்ன மறுமொழி சொல்ல."

"செத்தால் உவை சமாதி கட்டுவினம். அதுக்கும் ஒரு உபகுழு வரும். நீ தேத்தண்ணி ஊத்தத்தான் சரி."

அன்று பின்னேரம் போன் அடித்தபோது அறையில் தேவாரம் நடந்துகொண்டிருந்தது.

"என்ன அம்மா, வீட்டிலை சத்தம்?"

"உபகுழு."

"வாட்? ஆர்?"

யோகமலர் முழுக்கச் சொன்னாள். சிரிக்கிறானா கோபப்படுகிறானா என்று தெரியாமல் அவள் போன் வயரை விரலில் சுற்றினாள்.

"அம்மா, அது சாப்பிடேக்கை நீங்கள் பக்கத்திலை இருக்கிறியளோ?"

"பின்னை? கிட்ட இருந்து சாப்பிடு சாப்பிடு எண்டு சொல்லுறன்."

"அதுதான் அம்மா. அது சரியான ஷை. ஆரும் பாத்தால் சாப்பிடாது. இருட்டாக்கிப்போட்டு ஒருத்தரும் இல்லாமல் விடோணும். சொல்ல மறந்திட்டன்."

"சாப்பிடுறவையைத் தனிய விட்டிட்டுப் போறது மரியாதையோ?"

"நான் ஏன் மார்க்கத்துக்குப் போனனான் எண்டு நினைக்கிறியள்?"

"வேலை கிட்ட எண்டு."

"அதுவும்தான்," என்றான் மிதுனன்.

யோகமலர் றிசீவரை வைத்தாள். அவன் வீட்டில் இருந்த காலத்தில் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினதும், அவள் கறிச்சட்டியோடு பின்னால் போய்க் கதவைத் தட்டினதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. அதற்கு அழுவதற்கு அப்போது நேரமில்லை. அவள் பத்மநாதனிடம் போனாள்.

"அண்ணை, ஒருநாளைக்கு எல்லாரும் வீட்டை போனால் நல்லது. பாம்புக்குக் கூச்சமாம்."

"நல்ல விஷயம் யோகமக்கா. ஆனால் உபகுழுவை நியமிச்சது சபை. சபை எழுப்பாமல் உபகுழு எழும்ப ஏலாது."

"அப்ப சபையைக் கூட்டுங்கோவன்."

"கூட்டலாம். விசேட பொதுக்கூட்டம் எண்டால் முன்னறிவித்தல் குடுக்கோணும்."

"அதுக்கிடையிலை அது செத்துப்போனால்?"

பத்மநாதன் யோசித்தார். "அது சபை யாப்புச் சட்டத்திலை இல்லை," என்றார்.

ஆனால் பிள்ளையார் வேறு வழியில் உதவினார். பாம்பு உபகுழுவின் தலைவர் பதவி யாருக்கு என்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது. முன்னறிவித்தலை ஒருவரும் நினைக்கவில்லை; அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பொதுக்கூட்டம், வாக்கெடுப்பு. ஒரு வாக்கும் தவறக்கூடாதென்று இரண்டு பகுதியும் கார் அனுப்பின. பாம்பை இடையறாது அவதானிக்க நியமிக்கப்பட்டவர்கள், பாம்பை அவதானிப்பதற்கு யார் தலைமை தாங்குவது என்று தீர்மானிப்பதற்காக, பாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். இருப்பறை வெறுமையானது. யோகமலருக்குத் தன் வீட்டுக் கம்பளத்தின் நிறம் அப்போதுதான் மறுபடி கண்ணில் பட்டது.

எலியை இளகவைத்தாள். குசினித் தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பனே, உன்ரை வாகனச் சாதி எண்டு தெரியும். ஆனால் இது ஐஸுக்கை கிடந்தது, உன்னைச் சுமக்கிற நிலையிலை இல்லை. பாம்பும் உன்ரை தகப்பன்ரை கழுத்திலை கிடக்கிற சாதி. ரெண்டும் உங்கடை வீட்டு விஷயம். நான் நடுவிலை நிக்கிறவள். குறை நினையாதை."

எலியை உள்ளே விட்டு, விளக்கை அணைத்து, பெட்டிக்கு மேல் ஒரு தடித்த படுக்கை விரிப்பைப் போர்த்தாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு, உடுப்புக் கூடையோடு யூஜினியையும் கூப்பிட்டுக்கொண்டு கீழ்த்தளத்தில் இருக்கிற உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனாள்.

மெஷினின் கண்ணாடிக் கதவுக்குள் உடுப்பு சுற்றியது. யோகமலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டோ?"

"இரு."

"கதவு இடுக்காலை மட்டும்."

"இரு எண்டனெல்லோ."

"தொண்டையிலை சிக்கினால்?"

"உனக்கு முதல் பாம்புகள் என்னெண்டு சீவிச்சவை யோகம்?" என்று யூஜினி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள். காய்ந்த உடுப்பை இன்னொருக்கால் காயவைத்தார்கள்.

திரும்பி வந்து விரிப்பை ஒரு ஓரத்தால் தூக்கியபோது எலி இல்லை. றெக்ஸ் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. உடம்பின் நடுவில் ஒரு உருண்டை. நாக்கை ஒருமுறை நீட்டி உள்ளே இழுத்தது. யோகமலருக்குக் கண் நிறைந்து வழிந்தது. உடனே கல்கரிக்குப் போன் எடுத்தாள்.

"சாப்பிட்டிட்டுது."

"குட், அம்மா. குட்." அவனுடைய குரல் இளகியிருந்தது. "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"இனித்தான்," என்றாள். யூஜினி சோற்றைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தாள்.

அவள் கை கழுவ முன்னம் கதவு தட்டப்பட்டது. பொதுக்கூட்டம் இனிதே முடிந்து, பத்மநாதனே உபகுழுவுக்கும் தலைவராகி, எதிர்த்தவர்கள் எல்லாரும் உபதலைவர்களாகி, மாலையோடு வந்திருந்தார்கள். மாலை போட வந்தவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு மாலையைப் பிடித்தபடியே நின்றார்.

"யோகமக்கா, வயித்திலை என்ன உது?"

"எலி, அண்ணை."

பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அருள்நாயகம் கைப்பையைத் திறந்து, தீர்மானத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மேலிருந்து கீழாக வாசித்தார்.

"எங்கடை பாம்பு எலி தின்னாது," என்றார்.

"திண்டிட்டுது அண்ணை. நானே வைச்சனான்."

"அப்பிடியெண்டால் உது எங்கடை பாம்பில்லை."

"உதுதான் அது. வேறை பாம்பு வீட்டிலை இல்லை."

"அக்கா, நீங்கள் கண்ணாலை கண்டதைச் சொல்லுறியள். நான் ஏகமனதாய் நிறைவேறினதைச் சொல்லுறன்." அவருடைய குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "எங்கடை பாம்பு எலி தின்னாத பாம்பு. உது எலி திண்ட பாம்பு. ஆகவே ரெண்டும் ஒண்டில்லை. நாங்கள் கூட்டத்திலை இருந்த நேரம் பாம்பு மாறியிருக்கு."

"ஆர் மாத்தினது?" என்று உபதலைவர்களில் ஒருவர் சந்தேகத்தோடு யூஜினியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றாள் யூஜினி. "நான் உடுப்புத் தோய்ச்சனான்."

பத்மநாதன் கண்ணை மூடினார். திறந்தபோது அதில் நீர் இருந்தது.

"ஒருத்தரும் மாத்தேல்லை," என்றார் மெதுவாக. "மறைஞ்சிட்டுது."

அறை முழுக்கக் கைகள் தலைக்கு மேல் போயின. யோகமலர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பிரேரிக்கவும் ஆமோதிக்கவும் பட்டுவிட்டது. சர்ப்பம் அந்தர்த்தியானமான படியால் விரதக்காரர் அனைவரும் அன்றே பாறணை செய்யலாம் என்றும், எலி தின்ற பாம்புக்கும் சபைக்கும் எதுவித தொடர்பும் இல்லை என்றும் தீர்மானமானது. மாலையைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

அன்று பின்னேரம் பிளாசாவில் பொங்கலும் வடையும் டோனற் வாசத்தையே அமத்திக்கொண்டு மணந்தன.

மிதுனன் திரும்பிவந்து பாம்பை மார்க்கத்துக்குக் கொண்டுபோனான். போகும்போது, "தாங்ஸ் அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறன், நீங்கள் குசினியிலை இருந்தாச் சரி," என்றான். அவள் ஓம் என்றாள். அவன் வந்தான், சாப்பிட்டான், இரண்டாம் தரம் தானாகவே போட்டுச் சாப்பிட்டான். யோகமலர் குசினிக்குள் நின்று கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினாள்.

வெக்ஸ்போர்ட்டில் கதை அத்தோடு நிற்கவில்லை. மறைந்த பாம்பு எங்கேயாவது தோன்றத்தானே வேண்டும். முதலில் ஒரு வீட்டில் பாம்பு வாங்கினார்கள், பிறகு மாடிக்கு மாடி வாங்கினார்கள். கலியாண வீடுகளில், "உங்கடை சாப்பிடுதோ?" என்று கேட்டுக்கொள்வது நாகரிகமானது. வியாழக்கிழமைகளில் ஒவ்வொரு வீட்டிலும் எலியை உள்ளே விட்டு, தாய் தகப்பன் பிள்ளைகள் சித்தி பெரியப்பா எல்லாரும் பெட்டியைச் சுற்றி இருந்து கண்வெட்டாமல் பார்ப்பார்கள். எந்தப் பாம்பும் சாப்பிடவில்லை. எல்லாம் அசல்.

கோயிலில் சீமெந்து எலிக்குப் பக்கத்தில், வீடியோவிலிருந்து எடுத்துப் பெருப்பித்த படம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பந்தாகச் சுருண்ட பாம்பு. ஒரு வெள்ளிக்கிழமை யோகமலர் அதற்கு முன்னால் நின்றாள். வால் நுனியில் இருந்த வெள்ளைப் புள்ளி அவளுக்குத் தெரிந்த புள்ளி. எத்தனை விடியப்புறம் பார்த்தது.

"யோகமக்கா," என்று பத்மநாதன் கிட்ட வந்தார். "உங்கடை மற்றப் பாம்பு என்ன செய்யுது?"

"நல்லாச் சாப்பிடுது அண்ணை. கொழுத்திட்டுது."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்து, திருநீற்றுத் தட்டை நீட்டினார். "கவலைப்படாதேங்கோ. எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் அமையாது."

பின்னால் நின்ற பெண்கள் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். யோகமலர் திருநீற்றைப் பூசிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தாள். பூவும் விளக்கும் சாம்பிராணிப் புகையுமாக அது உண்மையிலேயே வேறொரு பாம்பு மாதிரித்தான் இருந்தது. அன்றைக்கு அந்த விரிப்பைப் போர்த்தாமல் இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாமோ என்று மனம் குறுகுறுக்க, அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.